சொல்லப் பயமில்லாத இடம்

உங்களிடம் ஒரு கேள்வி. நீங்கள் வேலை செய்யும் இடத்தில் உங்கள் கையால் ஒரு பிழை நடந்துவிட்டது என்று வைத்துக் கொள்ளுங்கள். அது பாடசாலையாக இருக்கலாம், வைத்தியசாலையாக இருக்கலாம், வங்கி, தையல் ஆலை, கடை என்று எதுவாகவும் இருக்கலாம். அந்தப் பிழை உங்களைத் தவிர வேறு எவருக்கும் இன்னும் தெரியாது. உங்கள் மனதில் முதலில் தோன்றும் எண்ணம் எது? உடனே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்பதா? அல்லது எவரும் காணுமுன் எப்படியாவது மூடிவிட வேண்டும் என்பதா?

இதற்கு நீங்கள் மனதுக்குள் சொல்லிக் கொள்ளும் விடையைக் கொண்டே உங்கள் வேலைத்தலம் எப்படிப்பட்டது என்று அறிந்து கொள்ளலாம். கட்டிடத்தின் அழகோ, சம்பளத்தின் அளவோ, சுவரில் தொங்கும் நற்சான்றிதழ்களோ அதைச் சொல்லித் தராது.

எமது உம்மாமாரின் காலத்தில் வீட்டை விட்டு வெளியே சென்று உழைத்த பெண்கள் சிலரே. இன்று எமது வீடுகளில் ஆசிரியைகள் இருக்கிறார்கள். தாதிகள், டொக்டர்கள், எழுதுவினைஞர்கள், வங்கி ஊழியர்கள் இருக்கிறார்கள். மௌலவி ஆசிரியர் என்ற வகையில் பெற்றோர் கூட்டங்களிலும் மார்க்க வகுப்புக்களிலும் இவர்களுள் பலரது மனக்குறைகளைக் கேட்கும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கிறது. வேலை கூடுதல் என்று முறையிடுவோர் குறைவு. ஒரு சகோதரி சொன்ன வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. "வேலை பாரமில்லை மௌலவி, பேச்சுத்தான் பாரம்" என்றார் அவர்.

பேச்சின் பாரம் மனதை மட்டும் நோகடிப்பதில்லை. அது வேலையையே கெடுக்கிறது. சில வேளைகளில் மனித உயிரையும் பறிக்கிறது. அதைப் பற்றியே உங்களுடன் பேச விரும்புகிறேன்.

இரண்டு அதிபர்கள்

எனது ஆசிரியப் பணியில் நான் பல அதிபர்களின் கீழ் கடமையாற்றியிருக்கிறேன். அவர்களுள் இருவரைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன். ஊரும் பெயரும் வேண்டாம்.

முதலாமவர் கடும் உழைப்பாளி. பாடசாலையின் ஒரு சதத்தையும் தன் தேவைக்கு எடுக்காதவர். மணி அடிப்பதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே வந்துவிடுவார். ஆனால் அவருடைய நாவுக்கு எல்லோரும் நடுங்கினோம். காலைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு முன்னாலேயே ஆசிரியைகளை ஏசுவார். ஆசிரியர் கூட்டத்தின் முடிவில், "யாருக்காவது ஏதும் சொல்ல இருக்கிறதா?" என்று கேட்பார். அனைவரும் நிலத்தைப் பார்த்துக் கொண்டிருப்போம். அந்த மௌனத்தை அவர் சம்மதம் என்று எடுத்துக் கொள்வார்.

ஒரு வருடம் சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. அனுப்பிய பட்டியலின் பிரதியை வகுப்பாசிரியை பார்த்தபோது ஒரு மாணவியின் பெயர் விடுபட்டிருந்தது. விண்ணப்ப முடிவுத் திகதிக்கு இன்னும் பத்து நாட்கள் இருந்தன. போய்ச் சொன்னால் திருத்தியிருக்கலாம். அந்த ஆசிரியை பொறுப்பற்றவர் அல்லர். அவருக்குப் பயம். இன்று சொல்வோம், நாளை சொல்வோம் என்று நாட்கள் கடந்தன. இறுதியில் அனுமதி அட்டைகள் வந்தன. அந்தப் பிள்ளையின் அட்டை வரவில்லை.

அன்று அதிபர் மேசையில் அடித்துக் கேட்டார்: "ஏன் முன்னரே என்னிடம் சொல்லவில்லை?" அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் விடை தெரியும். ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த வருடம் பரீட்சை எழுதலாம் என்று பிள்ளையின் வீட்டாருக்குக் கூறப்பட்டது. அடுத்த வருடம் அவள் பாடசாலைக்கு வரவில்லை. ஒரு வருடம் இடைவெளி விழுந்தால் எமது ஊர்களில் ஒரு பெண் பிள்ளையின் படிப்புக்கு என்ன நடக்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாமவர் ஒரு பெண்மணி. அவரும் கண்டிப்பானவர்தான். நேரம் பிந்தி வந்தால் காரணம் கேட்பார். பாடக்குறிப்பு எழுதாமல் தப்ப முடியாது. ஆனால் வாரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் எங்களை நிற்க வைத்து, "இந்தக் கிழமை எங்கே பிழைத்தது?" என்று கேட்பார். முதலில் தன்னுடையதைச் சொல்வார். "வலயக் காரியாலயத்துக்கு அனுப்ப வேண்டிய கடிதமொன்றை நான் இரண்டு நாள் மேசையிலேயே வைத்துவிட்டேன்" என்பது போல ஏதாவது ஒன்று இருக்கும். அதன் பின்னர் மற்றவர்களின் வாய் தானாகத் திறக்கும்.

அவருடைய காலத்திலும் அதே பரீட்சை விண்ணப்பத்தில் பிழையொன்று நடந்தது. தமிழ் மொழிமூலம் படித்த மாணவி ஒருத்தி சிங்கள மொழிமூலம் என்று பதியப்பட்டிருந்தாள். அதைக் கண்ட இளம் ஆசிரியை அன்று பின்னேரமே, கையில் காகிதம் நடுங்க, அதிபரின் அறைக்குச் சென்றார். கையெழுத்து வைக்க நானும் அங்கே நின்றிருந்தேன். அதிபர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சொன்னது நல்லது டீச்சர். இன்னும் நாள் இருக்கிறது, திருத்தலாம்" என்றார். அடுத்த நாள் காலையில் கடிதத்தோடு ஓர் ஆசிரியர் பெலவத்தையிலுள்ள பரீட்சைத் திணைக்களத்துக்குப் பஸ் ஏறினார். பிழை திருத்தப்பட்டது. அதற்கடுத்த வருடம் முதல், ஒருவர் வாசிக்க மற்றொருவர் சரிபார்க்கும் ஒழுங்கு வந்தது. அந்த மாணவி பரீட்சை எழுதினாள்.

இரண்டு பாடசாலைகளிலும் பிழை நடந்தது. மனிதர் இருக்கும் இடத்தில் பிழை நடக்கவே செய்யும். ஒன்றில் அது மறைக்கப்பட்டது. மற்றதில் அது சொல்லப்பட்டது. வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அந்த வித்தியாசத்தில் ஒரு பிள்ளையின் வாழ்க்கை தங்கியிருந்தது.

தாதிகளைப் பற்றி ஓர் ஆய்வு

நான் பாடசாலையில் கண்டதை, ஓர் ஆய்வாளர் வைத்தியசாலைகளில் கண்டு பிடித்திருக்கிறார் என்பதைப் பின்னாளில் வாசித்தறிந்தேன்.

1990களின் ஆரம்பத்தில் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் எமி எட்மண்ட்ஸன் என்ற பெண் ஆய்வு மாணவியாக இருந்தார். நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பதில் ஏற்படும் பிழைகளை ஆராய்ந்த ஒரு குழுவில் அவர் சேர்ந்தார். இரண்டு வைத்தியசாலைகளின் எட்டுப் பிரிவுகள் ஆராயப்பட்டன. ஒற்றுமையாக, நல்ல தலைமையின் கீழ் வேலை செய்யும் பிரிவுகளில் பிழைகள் குறைவாகத்தான் இருக்கும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. நீங்களும் நானும் அப்படித்தான் நினைப்போம்.

ஆனால் கணக்குப் பார்த்தபோது முடிவு தலைகீழாக இருந்தது. நல்ல பிரிவுகளில்தான் கூடுதலான பிழைகள் பதியப்பட்டிருந்தன! அவர் திகைத்துப் போனார். பின்னர் ஆழ்ந்து யோசித்தபோது விளங்கியது. நல்ல பிரிவுகளில் பிழைகள் கூடுதலாக நடக்கவில்லை; கூடுதலாகச் சொல்லப்பட்டன. தலைமைத் தாதிக்கு அஞ்சி நடுங்கிய பிரிவுகளில் பிழைகள் மறைக்கப்பட்டன. அங்கே பதிவேடு சுத்தமாக இருந்தது.

சகோதரிகளே, இவ்விடத்தில் சற்று நின்று சிந்தியுங்கள். உங்களுடைய பிள்ளையை எந்தப் பிரிவில் அனுமதிக்க விரும்புவீர்கள்? சுத்தமான பதிவேடு உள்ள பிரிவிலா, அல்லது "தவறான மருந்தைக் கொடுத்துவிட்டேன், உடனே டொக்டரைக் கூப்பிடுங்கள்" என்று ஒரு தாதி பயமின்றிச் சத்தமிடக்கூடிய பிரிவிலா?

இந்த ஆய்வு 1996 இல் வெளிவந்தது. 1999 இல் அவர் எழுதிய மற்றொரு கட்டுரையின் மூலம் இக்கருத்து உலகெங்கும் பரவியது. உளவியல் பாதுகாப்பு என்று இதனை அழைக்கின்றனர். ஒரு குழுவில் கேள்வி கேட்டால், சந்தேகத்தைச் சொன்னால், தன் பிழையை ஒப்புக் கொண்டால் அவமானமோ தண்டனையோ வராது என்று அக்குழுவில் உள்ளோர் அனைவரும் நம்புவதே அதன் பொருள். 2012 இல் கூகுள் நிறுவனம் தனது ஊழியர் குழுக்களில் ஏறத்தாழ 180 குழுக்களை ஆராயத் தொடங்கியது. சிறப்பாக இயங்கும் குழுக்களை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டிய அம்சங்களுள் முதலாவதாக அவர்களும் கண்டது இதையேதான், ஊழியர்களின் கெட்டித்தனத்தையல்ல.

ஓடுபாதையில் ஒரு கேள்வி

சொல்லப் பயப்படுவதால் வரும் நஷ்டத்தை விமானத் துறை மிகப் பெரும் விலை கொடுத்துக் கற்றது.

1977 மார்ச் 27 ஆம் திகதி. ஸ்பெயினுக்குச் சொந்தமான தெனெரீஃப் தீவின் விமான நிலையத்தில் கடும் மூடுபனி. ஒரே ஓடுபாதையில் இரண்டு பாரிய போயிங் 747 விமானங்கள். ஒன்று நெதர்லாந்தின் கே.எல்.எம். விமானம், மற்றது அமெரிக்காவின் பான் ஆம் விமானம். பனியில் ஒன்றை மற்றொன்று காண முடியாது. மேலெழும்புவதற்கான அனுமதி கிடைக்காமலேயே கே.எல்.எம். தலைமை விமானி விமானத்தை ஓட்டத் தொடங்கினார். வானொலியில் வந்த வார்த்தைகளைக் கேட்டுச் சந்தேகம் கொண்ட விமானப் பொறியியலாளர், மற்ற விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையா என்று கேட்டார். தலைமை விமானியோ விலகிவிட்டது என்று அழுத்தமாகச் சொன்னார். அவர் அந்நிறுவனத்தின் மிக மூத்த விமானிகளுள் ஒருவர். மற்ற விமானிகளுக்குப் பயிற்சியளித்தவர். பொறியியலாளர் அதன் பின்னர் வாய் திறக்கவில்லை. சில வினாடிகளில் இரு விமானங்களும் மோதின. 583 பேர் உயிரிழந்தனர். விமானப் போக்குவரத்தின் வரலாற்றில் மிகப் பெரிய விபத்து அது.

அடுத்த வருடம் டிசம்பர் 28 ஆம் திகதி, அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகருக்கருகில் யுனைட்டட் எயார்லைன்ஸ் விமானமொன்று எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 10 பேர் இறந்தனர். சில்லுகளில் ஏற்பட்ட கோளாறிலேயே தலைமை விமானியின் கவனம் முழுவதும் இருந்தது. எரிபொருள் குறைவதைக் கீழுள்ளவர்கள் அறிந்திருந்தார்கள். சொல்லியும் இருந்தார்கள். ஆனால் அவர் செவியில் விழும்படி உறுதியாகச் சொல்லவில்லை.

இவை போன்ற விபத்துகளின் பின்னர் 1979 இல் நாஸா நிறுவனம் ஒரு பயிலரங்கை நடத்தியது. 1981 இல் யுனைட்டட் எயார்லைன்ஸ் புதியதொரு பயிற்சியை ஆரம்பித்தது. கீழுள்ளவர் தயங்காமல் எடுத்துச் சொல்லவும், மேலுள்ளவர் கோபப்படாமல் செவிமடுக்கவும் விமானக் குழுவினருக்குக் கற்பிப்பதே அப்பயிற்சி. இன்று உலகெங்கும் விமானிகளுக்கு அது கட்டாயமாகக் கற்பிக்கப்படுகிறது. ஹஜ்ஜுக்கும் உம்றாவுக்கும் நாம் விமானம் ஏறும்போது எமது பாதுகாப்புக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கிறது.

பின் வரிசையின் உரிமை

இவற்றையெல்லாம் வாசித்தபோது, அரபுக் கல்லூரியில் ஓதிய காலத்தில் படித்த ஒரு ஹதீஸ் என் நினைவுக்கு வந்தது. புஹாரியிலும் முஸ்லிமிலும் பதிவான சம்பவம் அது.

நபி (ஸல்) அவர்கள் ஒரு நாள் நான்கு ரக்அத்துக்களைக் கொண்ட பகல் தொழுகையொன்றை நடத்தினார்கள். இரண்டு ரக்அத்துடன் ஸலாம் கொடுத்துவிட்டார்கள். பின்னர் பள்ளிவாசலிலிருந்த ஒரு மரக்கட்டையின் பக்கம் சென்று சாய்ந்து நின்றார்கள். அவர்களது முகத்தில் கோபத்தின் சாயல் இருந்தது. அபூபக்ர் (ரழி), உமர் (ரழி) ஆகிய இருவரும் அங்கேதான் இருந்தார்கள். நபியவர்கள் மீதிருந்த கண்ணியத்தால் அவர்களுக்கும் பேச நா எழவில்லை. அப்போது துல்யதைன் என்றழைக்கப்பட்ட ஒரு மனிதர் முன்வந்து, தொழுகை சுருக்கப்பட்டுவிட்டதா, அல்லது தாங்கள் மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். இரண்டும் இல்லை என்று நபியவர்கள் சொன்னார்கள். எனினும் அத்தோடு பேச்சை முடித்துவிடவில்லை. இவர் சொல்வது சரிதானா என்று மற்றவர்களிடம் விசாரித்தார்கள். ஆம் என்றதும் விடுபட்டதைத் தொழுவித்து, மறதிக்குரிய ஸுஜூதையும் செய்தார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை பல. உமர் (ரழி) அவர்களைப் போன்ற துணிவுள்ள ஒருவரே வாய் மூடி நின்றார்கள் என்றால், கீழுள்ளவர்களின் மௌனத்துக்கு எப்போதும் கோழைத்தனம் காரணமல்ல. மரியாதையும் வாயைக் கட்டிப் போடும். ஆகவே பெரிய இடத்தில் இருப்பவர் தாமாகக் கேட்க வேண்டும். கேட்ட மனிதரை எவரும் அதட்டவில்லை. அவருடைய சொல் சோதித்துப் பார்க்கப்பட்டது. சரியென்று கண்டதும் உடனே ஏற்றுக் கொள்ளப்பட்டது. இன்னொரு சந்தர்ப்பத்தில், தாமும் மனிதரே, மறந்தால் நினைவூட்டுங்கள் என்று நபியவர்களே மக்களிடம் கேட்டுக் கொண்டதாகவும் ஹதீஸ் இருக்கிறது.

எமது தொழுகையின் சட்டத்தையே பாருங்கள். இமாமுக்குத் தவறு நேர்ந்தால் பின்னால் நிற்கும் ஆண்கள் ஸுப்ஹானல்லாஹ் என்று சொல்லி உணர்த்த வேண்டும். பெண்கள் கையைத் தட்டி உணர்த்த வேண்டும். கடைசி வரிசையில் நிற்கும் ஒரு பெண்ணுக்கும் முன்னால் நிற்கும் இமாமைத் திருத்தும் உரிமை இருக்கிறது. அது இமாம் மனமிரங்கிக் கொடுத்த சலுகையல்ல. சட்டம் கொடுத்த உரிமை. தட்டும் சத்தம் கேட்டதும் எந்த இமாமும், "யார் அது தட்டியது?" என்று திரும்பிப் பார்த்து முறைப்பதில்லை. தன்னைத் திருத்திக் கொள்கிறார். தொழுகை தொடர்கிறது.

ஒவ்வொரு நாளும் ஐந்து வேளை இந்த ஒழுங்கில் நிற்கும் நாம், பள்ளிவாசலை விட்டு வெளியேறிக் காரியாலயக் கதிரையில் அமர்ந்ததும் அதை மறந்து விடுகிறோமே, ஏன்? எமது கடைகளில் ஒரு வேலைப் பையன் முதலாளியிடம், "நாநா, கணக்கில் பிழை இருக்கிறது" என்று சொல்ல முடிகிறதா? எமது மத்ரஸாக்களில் ஒரு மாணவன் உஸ்தாதின் பிழையை எடுத்துக் காட்ட முடிகிறதா? இக்கேள்விகளை மௌலவிமாராகிய நாமும் எம்மைப் பார்த்துக் கேட்டுக் கொள்ள வேண்டும்.

அன்பு என்றால் கண்டிப்பில்லாமையா?

"இப்படியெல்லாம் இடங்கொடுத்தால் யார் ஒழுங்காக வேலை செய்வார்கள்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

மேலே சொன்ன தொழுகைக்கே திரும்பிச் செல்வோம். தவறு சுட்டிக் காட்டப்பட்டதும், "பரவாயில்லை, இரண்டு ரக்அத் போதும்" என்று விட்டுவிடப்படவில்லை. குறைந்த இரண்டும் தொழப்பட்டன. சொன்னவருக்குப் பயமில்லை, ஆனால் வேலையில் ஒரு ரக்அத்தும் குறைக்கப்படவில்லை. நான் சொன்ன அந்தப் பெண் அதிபரும் அப்படித்தான். பிழையைக் கொண்டு வந்தவரை ஏசவில்லை. பிழையை அப்படியே விடவும் இல்லை.

வேண்டுமென்றே கடமையைத் தட்டிக் கழிப்பவரையும், களவெடுப்பவரையும், நோயாளியை அலட்சியம் செய்பவரையும் தண்டிக்கத்தான் வேண்டும். நேர்மையாக உழைக்கும்போது கை தவறியவரையும் அவர்களோடு ஒரே தராசில் வைத்தால் என்ன நடக்கும்? அடுத்த தடவை இருவருமே மறைப்பார்கள். கண்டிப்பு எதற்கு என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் எவருக்கும் குழப்பமிராது. பிழை நடந்ததற்காக ஏச மாட்டேன்; மறைத்தால்தான் கணக்குக் கேட்பேன் என்று ஒரு மேலாளர் சொல்லட்டும். சொன்னபடியே நடந்தும் காட்டட்டும்.

பகிடியும் புறமும் பற்றியும் ஒரு வார்த்தை. ஒருவரைக் கொடுமைப்படுத்த மேலதிகாரி மட்டும் போதும் என்பதில்லை. ஆசிரியர் ஓய்வறையில் ஒரு புதிய ஆசிரியை கேள்வியொன்று கேட்டதும், "இது கூடத் தெரியாதா?" என்று நாலு பேர் சிரித்தால் போதும். அவர் இனிமேல் எதையும் கேட்க மாட்டார். தெரியாததைத் தெரிந்தது போலப் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பார். எமது பெரும் இமாம்கள், தமக்குத் தெரியாததை "லா அத்ரீ" (எனக்குத் தெரியாது) என்று சொல்ல வெட்கப்படவில்லை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் அதற்குப் பெயர் போனவர்கள். அவர்களுக்கு இல்லாத வெட்கம் எமக்கு எதற்கு?

உங்கள் வீடும் ஒரு வேலைத்தலம்

இதுவரை வாசித்துவிட்டு, "நான் எங்கும் வேலைக்குப் போவதில்லை, இது எனக்குரியதல்ல" என்று நினைக்கும் சகோதரிகளுக்கு இந்தப் பகுதி.

உங்கள் வீட்டுக்குச் சமையலுக்கோ, உடுப்புக் கழுவவோ, பிள்ளையைப் பார்த்துக் கொள்ளவோ ஒரு பெண் வருகிறாரா? அப்படியானால் உங்கள் வீடு அவருடைய வேலைத்தலம். அங்கே அதிபர் நீங்கள்தான். வீட்டு வேலை செய்வோரும் மற்றெல்லோரையும் போன்ற தொழிலாளரே என்பதைச் சர்வதேச தொழில் அமைப்பு 2011 இல் ஏற்ற 189 ஆம் இலக்கச் சமவாயம் வலியுறுத்துகிறது. எமது ஊர்களிலிருந்து எத்தனையோ சகோதரிகள் மத்திய கிழக்கு நாடுகளுக்குச் சென்று பிறர் வீடுகளில் உழைத்திருக்கிறார்கள். அவர்களை அங்குள்ளவர்கள் எப்படி நடத்த வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோமோ, அதையே எமது குசினியில் நிற்பவருக்கும் செய்ய வேண்டாமா?

ஒரு பீங்கான் உடைந்ததற்காக நீங்கள் அரை மணி நேரம் ஏசினால், அடுத்த பீங்கான் உடையும்போது துண்டுகள் குப்பைக்குள் ஒளிக்கப்படும். அது சிறிய விடயம். ஆனால் அவர் கண்ணயர்ந்த வேளையில் உங்கள் கைக்குழந்தை கட்டிலிலிருந்து விழுந்து தலை அடிபட்டால், அதையும் அவர் ஒளிப்பார். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டிய குழந்தை தொட்டிலில் கிடக்கும். 2021 ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் எமது நாட்டில் எரிவாயு அடுப்புகளும் சிலிண்டர்களும் வெடித்த செய்திகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். "ராத்தா, வாயு மணம் வருகிறது" என்று சொல்ல அவருக்குத் தைரியம் இருக்க வேண்டும். உங்கள் குடும்பத்தின் பாதுகாப்பு அந்த ஒரு வசனத்தில் இருக்கிறது. அதைச் சொல்லும் தைரியத்தை அவருக்குக் கொடுப்பது, பீங்கான் உடைந்த அன்று நீங்கள் நடந்து கொண்ட முறைதான்.

அனஸ் (ரழி) அவர்கள் சிறு பிள்ளையாக வந்து, பத்து வருடங்கள் நபியவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். அந்தப் பத்து வருடங்களில் தம்மை ஒரு முறையேனும் "சீ" என்று கடிந்ததில்லை, ஏன் செய்தாய், ஏன் செய்யவில்லை என்று குடைந்ததில்லை என்று பிற்காலத்தில் அவர்களே சாட்சி சொன்னார்கள். எமது வீட்டில் பத்து வருடம் வேண்டாம், பத்து நாள் வேலை செய்த ஒருவரிடம் சென்று விசாரித்தால் எம்மைப் பற்றி என்ன சாட்சி சொல்வார்?

பிள்ளைகளும் அப்படியே. புள்ளி குறைந்த பரீட்சைத் தாளைப் படுக்கைக்குக் கீழே ஒளிக்கும் பிள்ளை, நாளை வெளியில் எவராவது தகாத முறையில் தொட்டாலும் உம்மாவிடம் சொல்லாது. கெட்ட செய்தியை வீட்டுக்குக் கொண்டு வரலாம் என்ற நம்பிக்கையைச் சிறிய விடயங்களில்தான் நாம் பிள்ளைக்கு ஊட்ட முடியும்.

நாம் செய்யக் கூடியவை

பெரிய திட்டங்கள் தேவையில்லை. நாளைக் காலையிலேயே தொடங்கக் கூடிய சிலவற்றைக் கூறுகிறேன்.

முதலாவது, கெட்ட செய்தியைக் கேட்டதும் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வசனத்தைக் காத்துக் கொள்ளுங்கள். "சொன்னது நல்லது" என்பது அந்த வசனமாக இருக்கட்டும். யார் செய்தது என்பதற்கு முன் இப்போது என்ன செய்யலாம் என்று கேளுங்கள். விசாரணைக்கு நேரமிருக்கிறது.

இரண்டாவது, நீங்கள் மூத்தவராக இருந்தால் உங்கள் தவறை நீங்களே முதலில் சொல்லுங்கள். கீழுள்ளவர் அதனால் உங்களை மதிக்காமல் விட மாட்டார். தானும் சொல்லலாம் என்று தெரிந்து கொள்வார்.

மூன்றாவது, திருத்துவதைத் தனியே செய்யுங்கள். பாராட்டுவதை நாலு பேர் முன்னால் செய்யுங்கள். நபியவர்கள் பொதுவில் ஒரு தவறைக் கண்டிக்கும்போது ஆளின் பெயரைச் சொல்லாமல், சிலர் இப்படிச் செய்கிறார்களே என்று பொதுப்படையாகக் குறிப்பிடுவது வழக்கமாக இருந்தது.

நான்காவது, கேள்வியை மாற்றிக் கேளுங்கள். "யாருக்காவது ஏதும் சொல்ல இருக்கிறதா?" என்றால் மௌனமே பதிலாக வரும். "இதில் எங்கே பிழைக்கலாம்?" என்று ஒருவரைப் பார்த்துக் கேட்டால் பதில் வரும்.

ஐந்தாவது, பக்கத்தில் இருப்பவர் அவமானப்படும்போது நீங்கள் சிரிக்காதீர்கள். கூட்டம் முடிந்த பின்னராவது அவரருகே சென்று ஒரு வார்த்தை பேசுங்கள். அதிகாரம் இல்லாதவருக்கும் இது முடியும்.

ஒன்றை மட்டும் வேறாகச் சொல்ல வேண்டும். வேலைத்தலத்தில் ஒரு பெண்ணுக்கு நேரும் பாலியல் தொந்தரவு, பேசித் தீர்க்கும் பிழைகளின் பட்டியலில் அடங்காது. 1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் மூலம், எமது தண்டனைச் சட்டக் கோவையின் 345 ஆம் பிரிவின் கீழ் அது குற்றமாக்கப்பட்டுள்ளது. வேலைத்தலத்தில் அதிகாரத்திலுள்ள ஒருவர் சொல்லாலோ செயலாலோ செய்யும் விரும்பத்தகாத சேஷ்டையும் அதில் அடங்கும். ஐந்து வருடங்கள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். இப்படியான நிலைமையில் "ஸப்ர் செய், வெளியே சொல்லாதே, எமக்குத்தான் மானம் போகும்" என்று மகளுக்கும் மருமகளுக்கும் புத்தி சொல்பவர்கள் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். மானம் போக வேண்டியது செய்தவருக்கு. ஸப்ர் என்பது அநீதிக்குத் திரை போடுவதல்ல. அவள் சொல்லும்போது முதலில் நம்பிக் கேட்க வேண்டியவர்கள் வீட்டாராகிய நாமே.

அன்பின் சகோதரிகளே, இன்றிரவு உங்கள் வீட்டில் வேலைக்குப் போய் வரும் மகளோ, தங்கையோ, மருமகளோ இருந்தால் ஒரு கோப்பை தேநீரைக் கொடுத்து அருகில் அமருங்கள். சம்பளம் கூடியதா, லீவு கிடைக்குமா என்று கேட்பதற்கு முன், "அங்கே உனக்கு வாய் திறந்து கதைக்க முடிகிறதா?" என்று கேளுங்கள். அதன் பின்னர், உங்கள் கீழ் வேலை செய்பவர் ஒருவரை மனதில் நினைத்து, அவரிடம் யாராவது உங்களைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டால் என்ன பதில் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

நாவினால் எவரையும் நோகடிக்காத, பிறர் எடுத்துச் சொன்னால் திருத்திக் கொள்கிற மனதை அல்லாஹ் எம் அனைவருக்கும் தருவானாக.